கைவிட்ட சுரங்கம், வடியும் அமிலம்: அயர்ன் மவுண்டன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் வடக்கே ரெட்டிங் என்ற ஊரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி ஒரு மலை இருக்கிறது. பெயர் அயர்ன் மவுண்டன். 1860களில் தொடங்கி 1963 வரை வெள்ளி, தங்கம், செம்பு, துத்தநாகம், பைரைட் என்று ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அப்புறம் வேலை நின்றது, ஆட்கள் போய்விட்டார்கள். மலையிலிருந்து அமிலம் வடிவது மட்டும் நிற்கவில்லை. சுரங்கக் கழிவிலிருந்து உலோகம் எப்படி ஆற்றுக்கு வருகிறது என்று புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இந்த ஒரு மலையை வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கந்தகத் தாது என்றால் என்ன?

செம்பும் துத்தநாகமும் ஈயமும் பூமிக்குள் தனி உலோகமாகக் கிடப்பது அபூர்வம். பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்த கனிமமாகத்தான் இருக்கும். செம்புக்குச் சால்கோபைரைட், துத்தநாகத்துக்கு ஸ்ஃபாலரைட், ஈயத்துக்குக் கலீனா. இவை இருக்கும் இடத்தில் கூடவே பைரைட் இருக்கும்: இரும்பும் கந்தகமும் சேர்ந்தது, பொன்னிறமாக மின்னும், தங்கம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் ஏராளம். அயர்ன் மவுண்டனில் தாதுப்பாறையின் சில பகுதிகளில் நூற்றுக்கு 95 பங்கு வரை பைரைட்தான். இந்தப் பக்கத்தில் வரும் தொல்லை எல்லாவற்றுக்கும் மூலம் அது.

அந்தப் பாறை கோடிக்கணக்கான வருஷமாக அங்கேதானே இருந்தது? சுரங்கம் வெட்டியதும் மட்டும் ஏன் அமிலம் வருகிறது?

காற்றுப் பட்டதால். பைரைட், ஆக்சிஜன், தண்ணீர் மூன்றும் ஒன்றுகூடினால் கந்தக அமிலமும் கரைந்த இரும்பும் உண்டாகும். மலைக்குள் புதைந்து, நிலத்தடி நீரில் மூழ்கிக் கிடக்கும் பாறைக்குக் காற்று எட்டாது. மேல்தோலில் மட்டும் மெல்ல மெல்ல அரிக்கும். அயர்ன் மவுண்டனின் உச்சி துருப்பிடித்த சிவப்பாக இருந்தது அப்படித்தான். 1860களில் அங்கே வந்தவர்களின் கண்ணில் முதலில் பட்டதும் அந்தச் சிவப்பு, மலைக்குப் பெயர் தந்ததும் அதுவே.

சுரங்கம் என்ன செய்கிறது? நிலத்தடி நீரை வடித்து விடுகிறது. குகைபோலப் பாதைகள் வெட்டிக் காற்றோட்டம் தருகிறது. பாறையை உடைத்து நொறுக்குகிறது. கல் உப்பையும் தூள் உப்பையும் தண்ணீரில் போட்டுப் பார்த்தால் எது முதலில் கரையும் என்று எல்லாருக்கும் தெரியும். நொறுக்கிய தாதுவும் அப்படித்தான், காற்றுக்குக் காட்டும் பரப்பு பல மடங்கு கூடிவிடுகிறது. தாது எடுத்தபின் வெளியே கொட்டிய கழிவுப்பாறையிலும், அரைத்துச் சலித்த மணற்கழிவிலும் இதே கதைதான். லாபம் தராது என்று ஒதுக்கிய பாறையிலும் பைரைட் இருக்கும், ஒவ்வொரு மழையும் அதைக் கழுவிக்கொண்டு போகும்.

அமிலம் சரி, உலோகம் எப்படித் தண்ணீரில் சேர்கிறது?

எங்கள் பாட்டி பித்தளை அண்டாவில் புளிக்குழம்பு வைக்கவே மாட்டார். ஈயம் (மேலே சொன்ன காரீயம் இல்லை, வெள்ளீயம்) பூசிய பாத்திரம் என்றால்தான் புளி ஊற்றுவார், ஈயம் தேய்ந்துவிட்டால் ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வரும்வரை அந்தப் பாத்திரத்தைத் தொட விடமாட்டார். “களிம்பு ஏறிடும்” என்பார். புளியின் அமிலம் பித்தளையிலிருந்து செம்பைக் கரைத்துக் குழம்பில் சேர்க்கிறது என்பதைத்தான் அவர் அந்த ஒரு வார்த்தையில் சொன்னார்.

மலைக்குள் நடப்பதும் களிம்பு ஏறுவதுதான், அளவு மட்டும் வேறு. புளிக்குப் பதில் கந்தக அமிலம், அண்டாவுக்குப் பதில் ஒரு மலை. செம்பு, துத்தநாகம், துத்தநாகத் தாதுவோடு ஒட்டிவரும் காட்மியம், ஆர்சனிக் எல்லாம் கரைந்து வெளியே வருகின்றன. சுத்திகரிப்பு தொடங்குவதற்கு முன் அயர்ன் மவுண்டனிலிருந்து சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் ஒரு டன் செம்பும் துத்தநாகமும் சாக்ரமெண்டோ ஆற்றை நோக்கிப் போனது. கரைந்த இரும்பு தனி, அது இதைவிடப் பல மடங்கு.

அந்தத் தண்ணீரின் பிஎச் சுழிக்கும் கீழே என்கிறார்களே, அது சாத்தியமா?

சாத்தியம். பள்ளிக்கூடத்தில் பிஎச் அளவு 0 முதல் 14 வரை என்று படித்திருப்போம், அது வசதிக்காக வைத்த எல்லை. அமிலம் மிகவும் அடர்த்தியானால் கணக்குச் சுழிக்குக் கீழே இறங்கிவிடும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கிர்க் நார்ட்ஸ்ட்ராம், சார்லஸ் ஆல்பர்ஸ் உள்ளிட்டோர் 1990, 1991 ஆண்டுகளில் அயர்ன் மவுண்டனில் உள்ள ரிச்மண்ட் என்ற சுரங்கத்துக்குள் எடுத்த நீரில் மைனஸ் 3.6 வரை பதிவானது. சாதாரண பிஎச் கருவிக்கு அங்கே வேலை இல்லை, அடர்ந்த கந்தக அமிலத்தை வைத்து அளவுகோலைத் தனியாகத் தயார் செய்ய வேண்டியிருந்தது. எலுமிச்சைச் சாற்றின் பிஎச் சுமார் 2.4 என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் 6 படி வித்தியாசம். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு, ஆக 10 லட்சம் மடங்கு வீரியம்.

அந்த நீரின் வெப்பம் 47 டிகிரி செல்சியஸ் வரை இருந்தது. யாரும் சூடாக்கவில்லை. பைரைட் காற்றோடு வினைபுரியும்போது வெளிவரும் வெப்பம் அது. ஒரு லிட்டரில் 200 கிராம் வரை உலோகம் கரைந்திருந்தது. ஒரு லிட்டர் பாட்டிலில் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக உலோகம் என்று எண்ணிப் பாருங்கள்.

அவ்வளவு அமிலத்தில் உயிர் எதுவும் இருக்காதே?

இருக்கிறது. தொல்லையை விரைவுபடுத்துவதும் அந்த உயிர்கள்தான். கரைந்த இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்து அதிலிருந்து பிழைக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. அவை இல்லாவிட்டால் அமில நீரில் அந்த வினை மிக மெதுவாக நடக்கும். அவை சேர்ந்தால் 10 லட்சம் மடங்கு வரை வேகம் பிடிக்கும். அப்படி மாறிய இரும்பு திரும்பவும் பைரைட்டைத் தாக்கும், இன்னும் அமிலம் வரும், சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ரிச்மண்ட் சுரங்கத்தில் பிஎச் 0 அருகிலும் வளரும் ஃபெரோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரைக் கண்டுபிடித்து 2000-ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். அங்கே அமில நீரின் மேல் ஆடைபோல மிதக்கும் இளஞ்சிவப்புப் படலத்தை எடுத்து, ஜில்லியன் பான்ஃபீல்டின் குழு 2004-இல் அதிலுள்ள உயிர்களின் மரபணுத் தொகுதிகளையே பிரித்தெடுத்தது. ஆய்வுக்கூடத்தில் தனித்தனியாக வளர்க்காமல், இயற்கையில் எடுத்த மாதிரியிலிருந்து நேரடியாக அப்படிச் செய்த முதல் முயற்சிகளில் அது ஒன்று. அறிவியலுக்குப் பெரிய வரவு, ஆற்றுக்கு அதனால் ஆறுதல் எதுவும் இல்லை.

மழைக்காலத்தில்தான் அதிகம் மீன் செத்தது என்கிறார்கள். மழை வந்தால் நீர்த்துப்போகத்தானே வேண்டும்?

அப்படித்தான் தோன்றும். கலிஃபோர்னியாவில் கோடை முழுக்க வறட்சி, மழை எல்லாம் குளிர்காலத்தில். வறண்ட மாதங்களில் சுரங்கத்துக்குள் அமில நீர் ஆவியாகி உப்புகளாகப் பூக்கும். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி, துருசு என்று கேட்டால் பொட்டலம் கட்டித் தருவார்களே, இரும்பு சல்பேட்டும் செம்பு சல்பேட்டும், அந்த இனம்தான். ரிச்மண்ட் சுரங்கத்தின் கூரையிலிருந்து நீல நிறத்தில் விழுதுவிழுதாகத் தொங்கும் உப்புகளில் இரும்பும் துத்தநாகமும் செம்பும் கலந்திருக்கின்றன. பார்க்க அழகு. ஒவ்வொரு விழுதும் இறுகிய அமிலமும் உலோகமும்.

முதல் பெருமழை உள்ளே இறங்கியதும் இந்த உப்பெல்லாம் ஒரே மூச்சில் கரைந்து வெளியேறும். பல மாதச் சேமிப்பு சில நாளில் ஆற்றுக்கு வந்துவிடும். ஆறு தாங்காது.

மீன்களுக்கு என்ன ஆனது?

1963-க்குப் பிறகு மட்டும் 20 தடவைக்கு மேல் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்ததாகப் பதிவு இருக்கிறது. 1967-இல் ஒரே வாரத்தில் குறைந்தது 47,000 டிரவுட் மீன்கள். செம்பு நமக்குச் சிறு அளவில் உடம்புக்குத் தேவைப்படும் சத்து, மீனுக்கோ லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் கூடினாலே ஆபத்து. செவுளைத் தாக்கும். அதைவிடக் குறைந்த அளவிலும் மோப்ப உணர்வைக் கெடுக்கும். சால்மன் மீன் கடலில் வளர்ந்து, தான் பிறந்த ஆற்றை மோப்பத்தாலேயே தேடித் திரும்பி வரும் மீன். மூக்குப் போனால் அதற்கு வழியே போயிற்று.

இதில் என் மனசை அறுப்பது ஒன்று உண்டு. குளிர்காலத்தில் ஆறேறி வரும் சினூக் சால்மன் முன்பு சாக்ரமெண்டோவின் மேல்மலை ஓடைகளில்தான் முட்டையிட்டது. 1940களில் ஷாஸ்டா அணை வந்து அந்தப் பாதையை அடைத்தது. 1950-இல் அதற்குக் கீழே கெஸ்விக் அணை முடிந்தது. மேலே போக முடியாத மீன்கள் கெஸ்விக்குக்குக் கீழே முட்டையிடத் தொடங்கின. அயர்ன் மவுண்டனின் தண்ணீர் வந்து சேர்வது அதே கெஸ்விக் நீர்த்தேக்கத்தில். ஒரு வாசலை அடைத்துவிட்டு, திறந்திருந்த அடுத்த வாசலில் விஷத்தை ஊற்றியது போலாயிற்று. அந்தச் சால்மன் இனம் 1994-இல் அழியும் நிலையில் உள்ளதாக அறிவிக்கப்பட்டது. அதற்கு அணைகளும் வெப்பமான நீரும் பெரிய காரணங்கள். சுரங்க நீர் அந்தச் சுமையின் மேல் ஏறிய இன்னொரு சுமை.

சுரங்க வாயை அடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?

அதிகம் வரும் கேள்வி இது. கேட்பதில் தப்பே இல்லை, பொறுப்பில் இருந்தவர்களும் இதைத்தான் முதலில் யோசித்தார்கள். அடைத்தால் உள்ளே தண்ணீர் நிரம்பும், பாறை மூழ்கும், காற்று எட்டாது, அமிலம் நிற்கும். சில சுரங்கங்களில் இது பலன் தந்தும் இருக்கிறது.

அயர்ன் மவுண்டனில் கணக்குப் போட்டுப் பார்த்த நார்ட்ஸ்ட்ராமும் ஆல்பர்ஸும் 1999-இல் சொன்னது வேறு. உள்ளே பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த உப்புகள் அந்தத் தண்ணீரில் கரையும். மலைக்குள் சுமார் 6 லட்சம் கன மீட்டர் நீர் தேங்கும், அதன் பிஎச் 1 அல்லது அதற்கும் கீழே, லிட்டருக்குக் கிராம் கணக்கில் உலோகம். அந்த மலையோ சுரங்கம் வெட்டி வெட்டி விரிசல் விட்டது. ஒரு வாயை அடைத்தால் அந்தக் குளம் எந்தப் பிளவு வழியாக, எந்த ஓடைக்கு, எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போதைக்குத் தெரிந்த வாய் வழியாக வருகிறது, பிடித்துச் சுத்தம் செய்யலாம். அடைக்கும் யோசனையைக் கைவிட்டார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் இப்போது என்ன செய்கிறார்கள்?

சுண்ணாம்பு போடுகிறார்கள். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு இவ்வளவு எளிய பதிலா என்று தோன்றும். சுரங்க வாய்களில் வரும் அமில நீரைக் குழாயில் பிடித்து ஆலைக்குக் கொண்டுபோய், சுண்ணாம்புக் கரைசல் கலந்து பிஎச்சை உயர்த்துகிறார்கள். அமிலம் முறிந்ததும் செம்பும் துத்தநாகமும் இரும்பும் கரைந்த நிலையில் நிற்க முடியாமல் சேறாக அடியில் படியும். தெளிந்த நீர் வெளியே போகும். 1994-இல் சுண்ணாம்பு ஆலை வந்தது. 2004-இல் ஸ்லிக்ராக் ஓடையில் ஒரு தடுப்பணை கட்டி, கழிவுப்பாறைகளிடையே பரவலாகக் கசியும் நீரையும் பிடித்தார்கள். இவற்றோடு, சுத்தமான மேல்மழை நீர் சுரங்கப் பகுதிக்குள் போகாமல் சுற்றித் திருப்பிவிடும் கால்வாய்களும் உண்டு. செம்பு, துத்தநாக வெளியேற்றம் 95 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. கெஸ்விக் நீர்த்தேக்கத்தின் அடியில் முன்பே படிந்திருந்த உலோகச் சேற்றை 2009, 2010-இல் தோண்டி எடுத்தார்கள்.

சேற்றை எங்கே போடுவது? மலையுச்சியில் பைரைட் எடுப்பதற்காக 1950களில் வெட்டிய திறந்தவெளிக் குழி இருக்கிறது, பிரிக் ஃப்ளாட் குழி. அதிலேதான் கொட்டுகிறார்கள். நாள்தோறும் சேறு வருகிறது, குழியோ ஒன்றுதான்.

அந்தத் தண்ணீரில்தான் அவ்வளவு செம்பு இருக்கிறதே, எடுத்து விற்கக் கூடாதா?

எடுத்தார்கள். பத்தாம் வகுப்பில் செய்த சோதனை நினைவிருக்கலாம். துருசுக் கரைசலில் ஓர் இரும்பு ஆணியை நூலில் கட்டித் தொங்கவிட்டு மறுநாள் பார்த்தால் ஆணி முழுக்கச் செங்கல் நிறத்தில் செம்பு பூத்திருக்கும், நீல நிறம் வெளிறி இளம்பச்சையாக மாறியிருக்கும். விரலால் வழித்தால் செம்பு பொடியாக உதிரும். அயர்ன் மவுண்டன் ஓடைகளில் பழைய இரும்பைத் தொட்டிகளில் போட்டு, மேலே சுரங்க நீரை ஓடவிட்டு, இதே முறையில் செம்பு எடுத்தார்கள். ஆனால் அந்த வினையில் செம்பு வெளியேறிய இடத்தில் இரும்பு கரைந்துகொள்ளும். அமிலம் அப்படியே இருக்கும், துத்தநாகமும் காட்மியமும் அசையாது. கிடைக்கும் செம்பின் விலை சுண்ணாம்புச் செலவுக்கு ஈடாகாது.

எத்தனை காலத்துக்கு இப்படிச் சுண்ணாம்பு போட வேண்டும்?

ரிச்மண்ட் சுரங்கப் பகுதியில் எடுக்காமல் விட்ட தாது சுமார் 80 லட்சம் டன். இப்போது அரிக்கும் வேகத்தில் அது கரைந்து தீர 3,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

கல்லணையை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டி ஏறக்குறைய 2,000 ஆண்டு என்கிறோம். இடையில் எத்தனை அரசுகள், எத்தனை மொழி பேசிய அதிகாரிகள், எத்தனை வெள்ளம். அத்தனைக்கும் நடுவில் அது நிலைத்ததற்குக் காரணம், அதன் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிட்டவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் அதைப் பழுதுபார்த்ததுதான். பயன் தரும் ஒன்றையே 2,000 ஆண்டு காப்பது அதிசயமாக இருக்கிறது. யாருக்கும் ஒரு படி நெல் தராத ஒரு சுண்ணாம்பு ஆலையை அதைவிட ஆயிரம் ஆண்டு கூடுதலாக ஓட்ட வேண்டும். 100 வருஷம் தாது எடுத்ததற்கு இந்த விலை.

செலவு யாருடையது?

அமெரிக்காவில் 1980-இல் சூப்பர்ஃபண்ட் என்ற சட்டம் வந்தது. மாசுபடுத்தியவரிடமே, அவர் வழிவந்த நிறுவனத்திடமும், செலவை வசூலிக்க அது வழி செய்தது. அயர்ன் மவுண்டன் 1983-இல் அந்தச் சட்டப்படி சுத்தம் செய்ய வேண்டிய இடங்களின் பட்டியலில் ஏறியது. சுரங்கம் கைமாறிக் கைமாறிப் போனதால், பொறுப்பும் நிறுவனம் நிறுவனமாகக் கைமாறி ஒரு வேளாண் வேதிப்பொருள் நிறுவனத்திடம் வந்து நின்றது. 2000-இல் ஒப்பந்தம் ஆனது: சுமார் 16 கோடி டாலரில் 30 ஆண்டுப் பராமரிப்புக்கு ஏற்பாடு, அதன்பின் வரும் செலவுகளுக்காக 2030-இல் 51.4 கோடி டாலர். சட்டம் இருந்ததால் இவ்வளவாவது கிடைத்தது. உலகில் கைவிட்ட சுரங்கங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கேட்க ஆளே இல்லை, உரிமையாளர் நிறுவனமே கலைந்து போயிருக்கும். சுரங்கத்துக்கு அனுமதி தரும் நாளிலேயே மூடும் செலவை முன்பணமாக வாங்கி வைக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

மனிதர்களுக்குக் கெடுதல் உண்டா?

அயர்ன் மவுண்டனில் முதல் அடி மீனுக்கு. மனிதர்மேல் எப்படி விழும் என்று தெரிய ஜப்பானின் டொயாமா பகுதியைப் பார்க்க வேண்டும். அங்கே ஜின்சூ ஆற்றின் மேல்பகுதியில் கமியோகா சுரங்கம், கந்தகத் தாதுவிலிருந்து துத்தநாகமும் ஈயமும் எடுத்த இடம். அதன் கழிவிலிருந்த காட்மியம் ஆற்றில் இறங்கி, பாசன நீரோடு நெல்வயலுக்குப் போய், அரிசியில் ஏறியது. பல வருஷம் அந்தச் சோற்றைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது, எலும்பு இளகி லேசான அசைவிலும் முறிந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் குழந்தை பெற்று நடுவயதைத் தாண்டிய பெண்கள். வலி தாங்காமல் அவர்கள் போட்ட சத்தமே நோய்க்குப் பெயரானது: இதாய் இதாய், “வலிக்கிறது, வலிக்கிறது” என்று பொருள். சுரங்கக் கழிவே காரணம் என்று 1968-இல் அரசு ஏற்றுக்கொண்டது. மூன்று வேளையும் சோறு சாப்பிடும் நாம் இதை மறக்கக் கூடாது. நெற்பயிர் காட்மியத்தை மண்ணிலிருந்து உறிஞ்சும், அரிசியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கோலார் தங்கவயலின் சைனைடு மேடுகளும் இதே வகையா?

தமிழர்கள் தலைமுறைகளாக உழைத்த இடம் என்பதால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. உறவு உண்டு, ஆனால் ஒன்றல்ல. கோலாரில் தங்கம் முக்கியமாகக் குவார்ட்ஸ் பாறையில் இருந்தது. அதை மாவாக அரைத்து, சைனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சிய மணற்கழிவுதான் அந்த மேடுகள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபின்பும் மேடுகள் அப்படியே நிற்கின்றன, காற்றுக் காலத்தில் தூசி வீடுகளுக்குள் வருகிறது. சைனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதையக்கூடியது. உலோகம் சிதையாது. மேட்டின் பெயரில் இருப்பது சைனைடு என்பதால் அதை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்தக் கூடாது, தாதுவோடு வந்த உலோகங்களையும் பார்க்க வேண்டும்.

நிலக்கரிச் சுரங்கத்திலும் அமிலநீர் வருமா?

வரும். நிலக்கரியோடும் பைரைட் இருக்கும். வேதியியல் ஒன்றே, கூட வரும் உலோகங்கள்தான் வேறுபடும்.

ஓர் ஓடை இப்படிக் கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கல்லில் காவி நிறத்தில் வழவழப்பான படிவு இருந்தால் சந்தேகப்படலாம். அமில நீர் நல்ல நீரோடு கலக்கும் இடத்தில் இரும்பு படிந்து அப்படி ஆகும். ஆனால் மேலே, கலப்பதற்கு முன், தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாகவும் இருக்கலாம். பாசி இல்லை, பூச்சி இல்லை, தவளை இல்லை, ஒரு சேற்று மணமும் இல்லை என்றால் அந்தத் தெளிவை நம்பாதீர்கள். கல்லைப் புரட்டிப் பாருங்கள், நல்ல ஓடையில் கல்லுக்கு அடியில் ஏதாவது புழுவாவது ஓடும்.

பிஎச் தாள் அமிலத்தைக் காட்டும், உலோகத்தைக் காட்டாது. செம்பு, துத்தநாகம், காட்மியம், ஈயம், ஆர்சனிக் என்று பெயர் சொல்லி ஆய்வுக்கூடத்தில் கேட்க வேண்டும், வெறும் “குடிநீர்ப் பரிசோதனை” என்றால் இவற்றைச் சேர்க்காமல் விட்டுவிடலாம். மாதிரியை மழை ஓய்ந்து பல நாள் கழித்து மட்டும் எடுக்காமல், வறட்சிக்குப் பின் வரும் முதல் பெருமழையன்றும் எடுங்கள். அதுவரை அந்த நீரைக் காய்ச்சிக் குடிக்கலாம் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், காட்மியம் எங்கும் போகாது. தண்ணீர் ஆவியாகச் சுண்டச் சுண்ட, மிஞ்சிய நீரில் அதன் அளவு ஏறத்தான் செய்யும்.